ஓனர் சேருக்கு விளக்கெண்ணெய்

அந்த நாற்காலி எங்கள் வீட்டுக்கு வந்தபோது நான் வாசலில் உட்கார்ந்து துவரம்பருப்பு புடைத்துக்கொண்டிருந்தேன். சின்ன யானை என்கிற குட்டி லாரி ஒன்று வந்து நின்றது. பின்னால் ஒரு பெரிய பழுப்பு நிறத் தோல் நாற்காலி. லாரிக் கயிற்றால் இழுத்துக் கட்டியிருந்தும், பஞ்சாயத்துக்கு வந்த பெரியவர் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது. முதுகில் சந்தனம், குங்குமம். கைப்பிடியில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்துத் தொங்கின.

புது லாரிக்குச் செய்கிற மரியாதையெல்லாம் அதற்கும் செய்திருந்தான் செல்வம். என் வீட்டுக்காரர் லாரி ஓட்டிய காலத்தில் அவரிடம் கிளீனராக இருந்தவன். இப்போது அவனே டிரைவர், தலையெல்லாம் நரைத்துவிட்டது. எங்களுக்கு இன்னமும் அந்தக் கிளீனர் பையன் செல்வம்தான்.

"அண்ணி, எறக்கட்டுங்களா? ஓனரம்மா குடுத்து உட்டாங்க. அண்ணன் சாஞ்சு தூங்கறதுக்குங்க."

உள்ளே கட்டிலில் இருந்தவர் சத்தம் கேட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். நாற்காலியைப் பார்த்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

நாற்காலியில் யாரும் இல்லை. வெறும் நாற்காலிதான்.

படுக்க முடியாத மனிதர்

வீட்டுக்காரர் பேரை நான் வாயால் சொல்வதில்லை. எழுதவும் கை வரவில்லை. 'அவர்' என்றே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவர் காலமெல்லாம் ஒரே முதலாளியிடம் லாரி ஓட்டியவர். நாமக்கல்லில் அந்த முதலாளிக்கு லாரி ஆபீஸ். எங்கள் பக்கத்தில் முதலாளி என்று யாரும் சொல்வதில்லை, ஓனர்தான். லாரி ஓட்டுவதை நிறுத்திய பிறகு எங்கள் வீட்டுக்காரர் சில வருசம் நன்றாகத்தான் இருந்தார். அப்புறம் இதயம் பலவீனம் என்றார்கள். நெஞ்சில் நீர் கோத்துக்கொள்கிறது என்றார்கள். கால் வீங்கியது. மட்டமாகப் படுத்தால் கிணற்றில் விழுந்தவர் மாதிரி மூச்சுக்குத் தவித்து எழுந்துவிடுவார்.

"படுக்காதீங்க. பாதி உக்காந்த மாதிரி சாஞ்சு தூங்குங்க" என்றார் டாக்டர். சொல்வது சுலபம். தலையணை அண்டக் கொடுத்தால் நழுவியது. நெல் மூட்டையைச் சாய்த்து வைத்தேன், அதுவும் சரிந்தது. கண் அசரும், உடம்பு கீழே வழுக்கும், மூச்சு முட்டும், எழுந்துவிடுவார். என் தோளைக் கொடுத்துப் பார்த்தேன். எனக்கே கழுத்து நிற்கவில்லை.

திருப்பூரில் இருக்கிற மகள், சக்கரம் சுற்றினால் தலைப்பக்கம் தூக்குகிற கட்டில் வாங்கி அனுப்புகிறேன் என்றாள். அவர் சம்மதிக்கவில்லை.

"ஆஸ்பத்திரிக் கட்டலு ஊட்டுக்குள்ள வந்துபோட்டா, அப்பறம் மனுசன் வெளிய போற வழி ஒண்ணுதான்" என்று சொல்லிவிட்டார்.

தூக்கம் இல்லாத மனிதருக்கு மாத்திரை என்ன செய்யும்? கன்னம் ஒட்டிவிட்டது. பேசிக்கொண்டே இருப்பார், நடுவில் வார்த்தை மறந்து என்னையே பார்ப்பார். சாமி முன்னால் நின்றால் எனக்கு அப்போது ஒரே வேண்டுதல்தான். இவர் கொஞ்சம் தூங்க வேண்டும்.

இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. எனக்குச் சொல்லவும் வராது. ஐந்தாவதோடு பள்ளிக்கூடம் நின்றவள், வாசலில் ஆள் வந்தாலே கதவுக்குப் பின்னால் நின்று பேசுகிறவள். செல்வம்தான் போய் ஓனரம்மாவிடம் சொல்லியிருக்கிறான். ஓனர் காலமாகிப் பல வருசம் ஆகிவிட்டது. அதற்குப் பிறகு ஆபீஸை அந்த அம்மாதான் நடத்துகிறார். கேட்டவுடனே பரண் மேல் கிடந்த நாற்காலியை இறக்கச் சொல்லியிருக்கிறார்.

வாட்டர் சர்வீஸ்

அந்த நாற்காலிக்கு ஒரு பூர்வீகம் உண்டு. ஏற்காட்டில் ஏதோ காப்பித் தோட்டத்து பங்களாவைக் காலி செய்தபோது ஓனர் வாங்கி வந்தது. தேக்குச் சட்டம், முழுக்க மாட்டுத்தோல். பக்கத்தில் ஒரு பிடி இருக்கும். அதை இழுத்தால் முதுகு பின்னால் சாயும், காலுக்கு ஒரு பலகை முன்னால் வரும். அந்தக் காலத்தில் லாரி ஆபீசுக்கு வருகிறவர்கள் அதைப் பார்ப்பதற்கென்றே ஒரு வாய் டீ அதிகமாகக் குடித்துவிட்டுப் போவார்களாம்.

பரண் மேல் தார்ப்பாய்க்குள் கிடந்ததில் தோல் காய்ந்திருக்கிறது. அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை.

"தூசியும் ஒட்டடையுமா இருந்துதுங்க அண்ணி. ஓனர் சேர அப்பிடியே கொண்டாந்தா நல்லாவா இருக்கும்? அதான் வாட்டர் சர்வீசு உட்டுட்டேன்" என்றான் செல்வம், பெருமையாக.

"என்னத்த உட்ட?"

"வாட்டர் சர்வீசுங்க. பைபாஸ்ல நம்ம லாரியெல்லாம் கழுவற எடத்துல. சோப்பு நொரை அடிச்சு, பைப்பு புடிச்சு, சந்து பொந்தெல்லாம் உட்டு எடுத்துட்டேனுங்க. அப்பறம் தார்ரோட்டோரம் நல்ல வெயில்ல போட்டு மொறுமொறுன்னு காயவெச்சுட்டேன்."

மொறுமொறு என்று அவன் சொன்னது நிஜம். நான் கை வைத்து அழுத்தினேன். அப்பளம் நொறுங்குகிற சத்தம் வந்தது. உட்காருமிடத்தில் தோல் வெடித்து, ஓரங்கள் காய்ந்த வாழைமட்டை மாதிரி மேலே சுருண்டிருந்தன. விரலால் தடவினால் கீறியது. லாரிக்குச் செய்தால் நல்ல காரியம். தோலுக்குச் செய்யவே கூடாத காரியம். ஆனால் லாரியோடு பிறந்து லாரியோடு வளர்ந்தவனுக்கு, மரியாதை என்றால் தண்ணீர் அடித்துக் கழுவிப் பொட்டு வைப்பதுதான். அவனை எப்படித் திட்டுவது?

அவர் கிட்டே வந்து ஒரே ஒரு விரலால் கைப்பிடியைத் தொட்டுப் பார்த்தார்.

"காஞ்ச தோலு. உக்கோந்தா முதுகக் கிழிச்சுப் போடும். திருப்பிக் கொண்டுபோயிரு செல்வம்."

சர்க்கரையும் இருக்கிற உடம்பு, முதுகில் காயம் வந்தால் ஆறாது. அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் கக்கத்தில் இருந்த துண்டு தோளுக்குத் திரும்பவில்லை. தோல் ஒரு சாக்குதான் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

செல்வம் என்னைப் பார்த்தான். இருக்கட்டும் என்று நான் தலையை மட்டும் ஆட்டினேன். நாற்காலியை மாட்டுக் கொட்டகையில், எங்கள் பேச்சில் சாளையில், நிழல் பார்த்து இறக்கி வைத்துவிட்டுப் போனான்.

தும்பி

இந்த இடத்தில் கொஞ்சம் பழைய கதைக்குப் போய் வருகிறேன்.

நான் பிறந்தது எருமப்பட்டிப் பக்கம். கரண்டு மோட்டார் எங்கள் கிணற்றுக்குத் தாமதமாகத்தான் வந்தது. அதுவரை மாடு கட்டி இழுத்துத் தண்ணீர் இறைக்கிற கவலை ஏற்றம்தான். தண்ணீர் மொள்ளுகிற இரும்புச் சாலின் அடியில் யானைத் தும்பிக்கை மாதிரி நீளமாக ஒரு தோல் குழாய் இருக்கும். தும்பி என்போம். சால் மேலே வந்ததும் அதன் வழியாகத்தான் வாய்க்காலில் தண்ணீர் கொட்டும்.

கிணறு வற்றுகிற மாசத்தில் தும்பி காய்ந்து கட்டையாகிவிடும். அதற்கு எண்ணெய் போடுவது வீட்டில் என் வேலை. என் கை சிறியது, குழாய்க்குள் நுழையும். அவ்வளவுதான் காரணம். கொட்டமுத்து எண்ணெய், அதாவது விளக்கெண்ணெயை, வெயிலில் வைத்துச் சூடு ஏற்றி, தோலின் உட்பக்கம் தடவுவேன். வெளிப்பக்கம் வழுவழு என்று இருக்கும், எண்ணெயை உள்ளே விடாது. உட்பக்கம்தான் குடிக்கும்.

தும்பி தைத்துக் கொடுப்பவர் ஒருவர் வருவார். எருமைத் தோலைத் தண்ணீரில் ஊறவைத்து வளைத்து, வார் கோத்துத் தைப்பார். எங்கள் வயிற்றை நிறைத்த தண்ணீரெல்லாம் அவர் தைத்த தோல் வழியாக வந்ததுதான். ஆனாலும் வாசலுக்கு வெளியே நின்றபடிதான் கூலித் தானியம் வாங்கிப் போவார். அவரை உட்காரச் சொல்லி எங்கள் வீட்டில் யாரும் சொன்னதாக எனக்கு ஞாபகம் இல்லை. அவர் பேரும் ஞாபகம் இல்லை. சாளையில் அந்த நாற்காலி முன்னால் குந்தி உட்கார்ந்தபோது அவர் விரல்கள்தான் கண்ணுக்குள் வந்தன. நன்றி சொல்ல வேண்டியவர்களில் பாதிப்பேருக்கு நாம் சொல்லாமலே காலம் போய்விடுகிறது.

தோலுக்குத் தலைமுழுக்கு

மறுநாள் காலையில் ஆரம்பித்தேன். ஈரத்துணியை நன்றாகப் பிழிந்து, தோலில் வெள்ளை வெள்ளையாகப் படிந்திருந்த சோப்பைத் துடைத்தேன். தோலை நிழலில் ஆறவிட்டேன். எண்ணெய்க் கிண்ணத்தை மட்டும் வெயிலில் வைத்தேன். விரல் நுனியில் தொட்டு, பிள்ளைக்கு மை இடுகிற மாதிரி மெல்லிசாகத் தடவினேன். ஊற்றினால் ஒரே பிசுக்காகிவிடும். ஊறுவதற்கு நேரம் கொடுக்க வேண்டும், மறுநாள் அடுத்த கை.

கைப்பிடிகள் சீக்கிரம் குடித்தன. உட்காருமிடம் பிகு பண்ணியது.

அவருக்கு நான் கட்டிலை வாசற்படிக்கு இழுத்துப் போடுவேன், தூணில் சாய்ந்தபடி வேடிக்கை பார்ப்பார்.

"ஏம்புள்ள, தீவாளிக்கு எனக்குக் கூட இப்பிடி எண்ண தேச்சு உட்டதில்லயே."

"நீங்க இவ்வளவு நேரம் எங்க நின்னீங்க? எண்ணச் சட்டியப் பாத்தாலே லோடு ஏத்தணும்னு ஓடிப்போயிருவீங்க."

"விளக்கெண்ணயெல்லாம் ஆவாது. கொஞ்சம் கிரீசு வெச்சு உடு. எந்தப் போல்ட்டும் எளகிப்போவும்."

"இது லாரி இல்லீங்க."

"எனக்கு வேற என்ன தெரியும், சொல்லு" என்று சிரித்தார். சிரித்ததில் மூச்சு வாங்கி, கொஞ்ச நேரம் பேசவே முடியவில்லை. நான் எண்ணெய்க் கையோடு ஓடிப்போய் முதுகைத் தாங்கிக்கொண்டேன்.

உட்காருமிடத்துக்கு வெளியே எவ்வளவு தடவியும் போதவில்லை. உட்பக்கம் போக வேண்டும் என்று செல்வத்துக்குச் சொல்லி அனுப்பினேன். ஸ்பேனரோடு வந்தான். நாற்காலியைக் கவிழ்த்து, அடியில் அடித்திருந்த சாக்கைப் பிரித்து, பஞ்சையும் தேங்காய் நாரையும் எடுத்து வைத்தான். உள்தோல் சாம்பல் நிறத்தில், பாலைவனம் மாதிரிக் கிடந்தது. முதல் கை எண்ணெய் பட்டதும் கறுத்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே உறிஞ்சிக்கொண்டது.

"அண்ணி, குடிக்குதுங்க!" என்று கத்தினான்.

"மெதுவா. குடிக்கட்டும்."

"நாந்தானுங்க இத இப்பிடிக் கெடுத்தது."

"நீ கொண்டாந்ததுனாலதான் இது இங்க இருக்குது. பேசாம அந்தப் பக்கம் புடி."

வெடித்த இடங்களுக்கு அடியில் பழைய தோல் துண்டுகளை வைத்து ஒட்டினான். லாரி சீட்டுத் தைக்கிற குஷன் கடையில் கேட்டு வாங்கி வந்தானாம். பஞ்சையும் நாரையும் பழையபடி திணித்துச் சாக்கை அடித்தான். சுருண்ட ஓரங்கள் நாளுக்கு நாள் படிந்தன. ஒரு நாள் காலையில் உள்ளங்கையால் அழுத்தினேன். நொறுங்குகிற சத்தம் இல்லை. கன்றுக்குட்டியின் காது மாதிரி மடங்கி, மறுபடி நிமிர்ந்தது. அப்படியே கொஞ்ச நேரம் கையை எடுக்காமல் வைத்திருந்தேன்.

மூக்குப்பொடி வாசனை

இனி மறுக்க மாட்டார் என்று நினைத்தேன். நடந்தது வேறு.

தோல் இளகினதும் அதற்குள் அடங்கிக் கிடந்த வாசனையும் வெளியே வந்துவிட்டது. பகல் சூட்டில் சாளை முழுக்க மூக்குப்பொடி மணம். ஓனர் பொடி போடுகிறவர். வலது கைப்பிடியில் அவர் உள்ளங்கை பட்டுப் பட்டுக் கறுத்திருந்த வட்டம், எண்ணெய் ஏறினதும் இன்னும் பளிச்சென்று தெரிந்தது.

எங்கள் வீட்டுக்காரர் கிட்டே வந்து நின்று மூச்சை இழுத்தார். "ஓனரு வந்துட்டாரு" என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் துண்டு மறுபடி கக்கத்துக்குப் போய்விட்டது.

"காஞ்சு கெடந்தப்பக்கூட ஒருவேள உக்கோந்திருப்பேன். இப்ப அவரு இருக்கறாப்புலயே இருக்குது புள்ள."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. "அப்பிடி என்னங்க, ஒரு சேருதானுங்களே?"

அன்றைக்குத்தான் சொன்னார். அந்தக் காலத்தில் எங்கள் வீட்டில் ஏது போன்? நல்லது கெட்டது எல்லாம் ஆபீசுக்குத்தான் வரும். டிரிப் முடிந்து வந்து அந்த நாற்காலிக்கு முன்னால் நிற்பார். ஓனர் கணக்குக் கேட்பதற்கு முன்னால் வீட்டுச் செய்தியைத்தான் சொல்வாராம். அப்பா தவறிய செய்தியை அங்கே நின்றுதான் கேட்டிருக்கிறார். மகள் பிறந்ததும் அப்படித்தான். "பொண்ணு பொறந்திருக்குது. அடுத்த டிரிப்புக்கு வேற ஆளு போகட்டும், நீ ஊட்டுக்குப் போ" என்றாராம். உட்கார்ந்திருந்தவர் எழுந்து, சட்டைப்பையில் இருந்த பேரீச்சம்பழப் பொட்டலத்தை எடுத்து, எனக்குக் கொடுக்கச் சொல்லிக் கொடுத்தாராம்.

அந்தப் பழம் எனக்கு நினைவிருக்கிறது. இவரே வாங்கி வந்தது என்றுதான் இத்தனை காலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"அவரு முன்னால நின்னுதான் எனக்குப் பழக்கம். அதுல போயி காலை நீட்டிப் படுக்கறதுன்னா, எப்பிடி?"

அவரைத் தூங்க விடாமல் பிடித்து வைத்திருந்தது பயம் என்றால் போக்கிவிடலாம். இது நன்றி. அதை எந்த எண்ணெய் போட்டு இளக்குவது?

நான் உட்கார்ந்தது

இருந்தாலும் எடுத்த வேலையைப் பாதியில் விட மனசில்லை. கொல்லிமலைத் தேன்மெழுகைக் கொஞ்சம் உருக்கி, எண்ணெயோடு குழைத்து மேலே பூசித் துணியால் தேய்த்தேன். மெழுகு பூசாவிட்டால் உட்காருகிறவர் வேட்டியெல்லாம் எண்ணெயாகிவிடும். செல்வம் நாற்காலியைத் தூக்கி வீட்டுக்குள் சன்னல் ஓரம் வைத்துவிட்டு ஓட்டத்துக்குப் போய்விட்டான்.

அவர் கட்டிலில் உட்கார்ந்து வயர்லெஸ் ரேடியோ மாதிரி இரைந்து இரைந்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். மதியச் சாப்பாடு முடிந்த நேரம். எங்காவது இன்னும் முதுகை உறுத்துமா என்று கையால் தடவினேன். கைக்குத் தெரியவில்லை. உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும்.

அவர் முன்னால் நான் நாற்காலியில் உட்கார்ந்தவள் இல்லை. எங்கள் வீட்டில் யாரும் தடுக்கவில்லை, எனக்கே கூச்சம். தரைதான் எனக்கு வாகு. அன்றைக்கு அவர் வாசல் பக்கம் திரும்பியிருந்தார். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, ஓரமாக உட்கார்ந்தேன். அப்புறம் உறுத்தல் பார்க்க வேண்டுமே என்று முழுசாக உட்கார்ந்தேன். பிடியை இழுத்தேன். முதுகு பின்னால் போனது. கால் தானாக மேலே வந்தது.

எங்கேயும் உறுத்தவில்லை. அதுவரைதான் எனக்குத் தெரியும்.

எத்தனையோ நாள் தூங்காத உடம்பு. அவர் விழித்திருந்த நேரமெல்லாம் நானும்தானே விழித்திருந்தேன்? கண்ணைத் திறந்தபோது வெயில் எதிர்ச்சுவரை விட்டு இறங்கிப் போயிருந்தது. பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டு அவர் உட்கார்ந்திருந்தார். துண்டால் என் முகத்துக்கு ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்.

துள்ளி எழப் பார்த்தேன். சாய்ந்த நாற்காலியில் சட்டென்று எழ முடியாது. கவிழ்ந்த ஆமை மாதிரிக் கையை ஆட்டினேன். அவர் சிரித்தார்.

"என்ன கொறட்டைங்கற! நாமக்கல் தாண்டி மோகனூர் ரோட்டுல போற வண்டிக்குக் கேட்டிருக்கும்."

"எழுப்பியிருக்கக்கூடாதுங்களா?" என்றேன். வெட்கத்தில் முகம் எரிந்தது.

"எழுப்பத்தான் வந்தேன். ஓனரு சேர்ல போயி இவ படுத்துக் கெடக்கறாளேன்னு. கிட்ட வந்து பாத்தா, நீ வாயப் பொளந்துட்டுத் தூங்கற. மூக்குப்பொடி வாசமே காணோம். விளக்கெண்ணயும் உன்ற முந்தானைல இருக்கற அடுப்புப் பொகையும்தான் அடிக்குது." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "அப்பறம் பாத்துட்டே இருந்தனா, ஓனரு ஞாபகமே வரல. என்ற ஊட்டுக்காரி சேருன்னுதான் தோணுச்சு."

நான் முந்தானையை இழுத்து வாயைத் துடைத்துக்கொண்டேன்.

"எந்திரி. உன்ற சேர்ல நா கொஞ்சம் உக்கோந்துக்கறேன்" என்றார். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார்.

கையைப் பிடித்து உட்கார வைத்தேன். பிடியை மெதுவாக இழுத்தேன். சாய்ந்தார். நழுவவில்லை. இடுப்புக்கும் முதுகுக்கும் தோல் அணைந்து கொடுத்தது. ஏதோ சொல்ல வாயெடுத்தார். சொல்லி முடிப்பதற்குள் கண் சொருகிவிட்டது.

அதற்குப் பிறகு மருந்து பிடித்தது, கால் வீக்கம் வடிந்தது, இன்றைக்கும் காலையில் அதில் உட்கார்ந்துதான் பேப்பர் பார்க்கிறார் என்பதெல்லாம் பின்னால் நடந்தவை. நான் எழுத உட்கார்ந்தது அந்தச் சாயங்காலத்தைத்தான்.

விளக்கு வைக்கிற நேரம். அவர் நெஞ்சு சீராக ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தேன். அவருடைய போன் அடித்தது. பதறி எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். ஓனரம்மா. லாரி ஆபீசில் பேசிப் பேசி அந்த அம்மாவுக்கு வெங்கலக் குரல்.

"பாவாயி, உன்ற ஊட்டுக்காரருகிட்டக் குடு."

ஓனர் வீட்டிலிருந்து போன் வந்தால் அவர் எந்த நிலையில் இருந்தாலும் எழுந்து நின்றுதான் பேசுவார். நான் அதுவரை அந்த அம்மாவிடம் 'ஆமாங்க', 'சரிங்க' என்பதற்கு மேல் ஒரு வார்த்தை பேசியதில்லை.

"அவரு தூங்கறாருங்கம்மா."

"என்ன?"

"தூங்கறாருங்க. இப்ப எழுப்ப மாட்டனுங்க."

சொல்லிவிட்டேன். அந்தப் பக்கம் லாரி ஆபீஸ் இரைச்சல் கேட்டது.

"கட்டல்லயா?"

"இல்லீங்க. சேர்லதானுங்க. நல்லாத் தூங்கறாருங்க. நீங்க குடுத்த சேருங்க..."

அந்த அம்மா அடுத்துப் பேசியபோது வெங்கலக் குரலைக் காணோம். "சரி சாமி, தூங்கட்டும், தூங்கட்டும். நா அப்பறமாக் கூப்படறேன்" என்றார், ரகசியம் பேசுவது போல. அத்தனை தூரத்தில் நாமக்கல்லில் இருந்துகொண்டு, தன் சத்தத்தில் எங்கள் வீட்டுக்காரர் முழித்துவிடுவாரோ என்று.

"சரிங்கம்மா" என்று நானும் அதே ரகசியக் குரலில் சொன்னேன்.